அரசியல் தலைவர்களின் முகம் தீட்டிய பழைய அமெரிக்க நாற்காலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இவை எத்தகைய நாற்காலிகள்?

19ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் அமெரிக்காவின் கிழக்கு மாநிலங்களில் மேப்பிள், பர்ச், பைன், டூலிப் பாப்ளர் போன்ற எளிதில் கிடைத்த மரங்களைக் கொண்டு செய்யப்பட்ட நாற்காலிகள் இவை. மரத்தின் இயல்பு நிறம் வெளியே தெரியாதபடி முழுவதும் வண்ணம் பூசி, அதன்மேல் பொன்னிறக் கோடுகள், பழக்கூடைகள், இலைக்கொடிகள், இறக்கை விரித்த கழுகுகள் ஆகியவற்றைத் தீட்டினார்கள். அமெரிக்கர்கள் இவற்றை ஃபேன்சி நாற்காலிகள் என்றே அழைத்தனர். கால்கள் கடைசல் பிடித்தவை. இருக்கை பெரும்பாலும் கோரையால் அல்லது பிரம்பால் பின்னப்பட்டது. விலை குறைந்தவற்றில் ஒரே மரப்பலகை. முதுகு சாயும் பகுதியின் உச்சியில் குறுக்காக ஓடும் அகன்ற பட்டைதான் ஓவியருக்குக் கிடைத்த முதன்மையான இடம். இந்தப் பக்கத்தில் அதைத் தலைப்பட்டை என்று குறிப்பிடுகிறோம். அந்தத் தலைப்பட்டையில் பழக்கூடைக்குப் பதிலாக ஒரு குடியரசுத் தலைவரின், போர்வீரரின் அல்லது வேட்பாளரின் முகம் இடம்பெற்றிருந்தால், அந்த நாற்காலி அறைகலனாக மட்டுமின்றி ஓர் அரசியல் ஆவணமாகவும் ஆகிவிடுகிறது.

மரத்தை ஏன் வண்ணத்தால் மறைத்தார்கள்?

ஒரே நாற்காலிக்கு இரண்டு மூன்று வகை மரங்கள் தேவைப்பட்டன என்பது முதற்காரணம். வளைக்க ஏற்றது ஒன்று, கடைசலுக்கு ஏற்றது வேறொன்று, அகன்ற இருக்கைப் பலகைக்கு ஏற்ற மென்மரம் இன்னொன்று. இவற்றை ஒன்றாகக் காட்ட வண்ணம் உதவியது. இரண்டாவது காரணம், விலை உயர்ந்த மரத்தின் தோற்றத்தைக் குறைந்த செலவில் தர முடிந்தது. செந்நிற அடிப்பூச்சின்மேல் கறுப்பு வண்ணத்தைப் பூசி, அது உலர்வதற்குள் தூரிகையாலோ துணியாலோ அலையலையாக இழுத்துவிட்டால், பிரேசிலிலிருந்து வந்த ரோஸ்வுட் மரத்தின் வரிகள் தோன்றும். உண்மையான ரோஸ்வுட் வாங்க முடியாத விவசாயி அல்லது கடைக்காரர் குடும்பம் இதைப் பெருமையுடன் முன்கூடத்தில் போட்டு வைத்தது.

முகங்களுக்கு முன்பே நாற்காலிகளில் படம் வரையும் வழக்கம் இருந்ததா?

இருந்தது, அதன் உயர்ந்த எடுத்துக்காட்டுகள் மேரிலாந்து மாநிலத்தின் பால்டிமோர் நகரில் உருவாயின. ஜான் ஃபின்லே, ஹியூ ஃபின்லே என்னும் சகோதரர்கள் 1800களின் தொடக்கத்தில் அங்கே பட்டறை நடத்தினார்கள். நகரைச் சுற்றியுள்ள காட்சிகளை வரைந்தோ வரையாமலோ நாற்காலிகள் செய்து தருவதாக 1805இல் அவர்கள் செய்தித்தாளில் விளம்பரம் செய்திருந்தனர். பால்டிமோரின் மாளிகைகளும் பொதுக் கட்டடங்களும் தலைப்பட்டைகளில் தீட்டப்பட்ட அவர்களுடைய நாற்காலிகளும் நீள் இருக்கைகளும் இன்று பால்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. பெயரும் அடையாளமும் உள்ள உண்மையான ஓர் இடத்தை நாற்காலியின் முதுகில் வரையலாம் என்று ஆனபின், உண்மையான ஒரு மனிதரை அங்கே வரைவது அதிக தூரமில்லை.

அரசியல் சின்னம் இத்தகைய நாற்காலிகளில் ஏறிய கதையும் இதே சகோதரர்களுடன் இணைந்தது. 1809இல் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் மேடிசனின் இல்லத்திற்காகக் கட்டடக்கலைஞர் பெஞ்சமின் லட்ரோப் பண்டைய கிரேக்கப் பாணியில் நாற்காலிகளை வடிவமைத்தார்; அவற்றைச் செய்து கொடுத்தவர்கள் ஃபின்லே சகோதரர்கள். லட்ரோப்பின் வரைபடத்தில் தலைப்பட்டையின் நடுவே அமெரிக்க நாட்டின் கேடயச் சின்னம் உள்ளது. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படையினர் வெள்ளை மாளிகைக்குத் தீ வைத்தபோது அந்த நாற்காலிகள் எரிந்துபோயின. வரைபடங்கள் மட்டும் எஞ்சியுள்ளன. அமெரிக்க அறைகலன் வரலாற்றில் இதைவிடப் பெரிய இழப்புகள் அதிகமில்லை என்பது எமது கருத்து.

ஹிட்ச்காக் நாற்காலி என்ற பெயர் அடிக்கடி வருகிறதே, அது என்ன?

லாம்பர்ட் ஹிட்ச்காக் 1795இல் பிறந்து 1852இல் இறந்த கனெக்டிகட் மாநிலத்துக்காரர். 1818ஆம் ஆண்டளவில் பார்காம்ஸ்டெட் ஊரின் ஆற்றங்கரையில் நாற்காலி உறுப்புகளைச் செய்யத் தொடங்கினார். 1820களின் நடுவில் ஆற்று நீரின் விசையால் இயங்கும் தொழிற்சாலை ஒன்றைக் கட்டி, முழு நாற்காலிகளையே செய்து விற்றார். தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு ஹிட்ச்காக்ஸ்வில் எனப்பட்டது. இன்று அதன் பெயர் ரிவர்ட்டன். வண்ண அலங்கார வேலையில் பெண்களும் ஈடுபட்டிருந்தனர். 1829இல் அவர் கடனில் மூழ்கித் தொழிலைப் பிறர் பொறுப்பில் விட நேர்ந்தாலும், 1832 முதல் கூட்டாளியுடன் சேர்ந்து தொடர்ந்து நடத்தினார். இருக்கையின் பின்விளிம்பில் தம் பெயரையும் ஊரையும் உத்தரவாதச் சொல்லையும் ஸ்டென்சிலால், அதாவது வடிவம் வெட்டிய துளைத்தாளால், பதித்தது அவருடைய அடையாளம்.

ஆனால் இந்தப் பாணியில் நாற்காலி செய்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர். நியூ இங்கிலாந்து எனப்படும் வடகிழக்கு மாநிலங்கள், நியூயார்க், பென்சில்வேனியா, ஒஹாயோ எங்கும் பெயர் தெரியாத பட்டறைகள் இதே வடிவில் வேலை செய்தன. முத்திரை இல்லாத கறுப்பு நாற்காலியை எல்லாம் ஹிட்ச்காக் என்று சொல்லி விற்பது வணிக வழக்கமே தவிர வரலாறு ஆகாது. 1946இல் ரிவர்ட்டனின் பழைய தொழிற்சாலையிலேயே அந்த நிறுவனம் புதிதாகத் தொடங்கப்பட்டு 2006 வரை இயங்கியது. அந்தக் காலத்து நாற்காலிகளிலும் அதே பெயர்முத்திரை காணப்படும் என்பதால், முத்திரையைப் பார்த்த உடனே 1830 என்று முடிவு கட்டக் கூடாது.

முகத்தை எந்த முறையில் வரைந்தார்கள்?

மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது தூரிகையால் நேரடியாக வரைவது. கடைகளின் பெயர்ப்பலகை, குதிரைவண்டி, கடிகாரக் கண்ணாடி, நாற்காலி எல்லாவற்றையும் அலங்கரித்த ஓவியர்களே சில வேளைகளில் மனித முகங்களையும் வரைந்தனர். இத்தகைய முகங்களில் கண்கள் சற்றுப் பெரியவையாகவும், தோள்கள் உடலோடு ஒட்டாதவையாகவும் இருக்கலாம். அது குறை அல்ல. பட்டறை ஓவியரின் கை அப்படித்தான் பேசும்.

இரண்டாவது ஸ்டென்சில் முறை. இதை அருகிலிருந்து பார்ப்பதுபோல் விளங்கிக்கொள்வது நல்லது, ஏனெனில் பராமரிப்பு பற்றிய அறிவுரை முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது. கறுப்பு வண்ணம் உலர்ந்த தலைப்பட்டையின்மேல் மெல்லிய வார்னிஷ் பூச்சு ஒன்று தரப்படும். அது ஈரமாகவும் இல்லாமல் முழுவதும் உலர்ந்தும் விடாமல், விரலால் தொட்டால் இலேசாக ஒட்டும் பதத்திற்கு வரும்வரை அலங்கரிப்பவர் காத்திருப்பார். அந்தப் பதம் வந்ததும் வெட்டுத் துளைகள் உள்ள தாளை மேலே படியவைத்து, வெல்வெட் துணி சுற்றிய விரல்நுனியால் வெண்கலப் பொடியைத் தொட்டு, துளையின் ஒரு விளிம்பில் அழுத்தமாகவும் எதிர்விளிம்பை நோக்கி இலேசாகவும் தேய்ப்பார். அழுத்தமான இடம் பளிச்சென்று ஒளிரும். இலேசான இடம் அடியிலுள்ள கறுப்போடு கரைந்துபோகும். ஒரு பீச் பழத்தின் உருட்சியை இப்படி ஒரே துளையில் காட்டிவிடலாம். முகத்திற்கு அது போதாது. நெற்றியின் ஒளி, மூக்கின் விளிம்பு, கன்னத்தின் நிழல், கழுத்துக்குட்டையின் மடிப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துளைத்தாள் வேண்டும். ஒன்று நூலளவு நகர்ந்தாலும் ஆள் வேறாகிவிடுவார். பழக்கூடை நாற்காலிகள் மலிந்தும் முக நாற்காலிகள் அரிதாகவும் இருப்பதற்கு இந்தக் கடினம் ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறோம்.

மூன்றாவது, அச்சிட்ட படத்தை மாற்றி ஒட்டும் முறை. காகிதத்தில் அச்சான படத்தை வார்னிஷ் தடவிய பரப்பில் கவிழ்த்து ஒட்டி, பின்னர் காகிதத்தை நனைத்து உரித்தால் மையின் கோடுகள் மட்டும் தங்கும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆயத்தமாகவே விற்கப்பட்ட மாற்றுப் படங்கள் பரவலாயின. பூதக்கண்ணாடியால் பார்க்கும்போது தூரிகைக் கோட்டுக்குப் பதிலாக மிக நுண்ணிய, ஒரே சீரான புள்ளிகளோ கீறல்களோ தெரிந்தால் அது அச்சின் தடம்.

தலைவரை நேரில் பார்க்காத ஓவியருக்கு முகம் எங்கிருந்து கிடைத்தது?

அச்சுப் படங்களிலிருந்தே. வாஷிங்டனின் முகத்தைப் பொறுத்தவரை, கில்பர்ட் ஸ்டூவர்ட் 1796இல் வரைந்து முடிக்காமலேயே தம்மிடம் வைத்துக்கொண்ட ஓவியமும் அதிலிருந்து பெருகிய படிகளும் நாடெங்கும் பரவியிருந்தன. இன்றைய ஒரு டாலர் நோட்டிலுள்ள முகமும் அதன் வழி வந்ததுதான். 1820களில் அமெரிக்காவில் கல்லச்சு நிலைபெற்றபின் தலைவர்களின் படங்கள் மலிவாகக் கிடைத்தன. அந்தத் தாளில் கோடுகளின் வழியே ஊசியால் குத்தி, நாற்காலியின்மேல் வைத்து, கரித்தூள் கட்டிய துணிப்பொட்டலத்தால் தட்டினால் புள்ளிகளாக வடிவம் இறங்கிவிடும். ஆகவே ஒரு நாற்காலி முகத்தின் மூலப்படத்தைக் கண்டுபிடித்தால், அதன் வரலாற்றில் பாதி கைக்கு வந்துவிட்டது எனலாம். மூல அச்சு எந்த ஆண்டு வெளியானதோ, அதற்கு முன் அந்த முகம் நாற்காலியில் ஏறியிருக்க முடியாது.

எவருடைய முகங்களை எதிர்பார்க்கலாம்?

அக்காலத்து அரசியல் நினைவுப் பொருள்களில் திரும்பத் திரும்ப வருபவர்கள் ஜார்ஜ் வாஷிங்டன், லஃபாயெட், ஆண்ட்ரூ ஜாக்சன், வில்லியம் ஹென்ரி ஹாரிசன், ஹென்ரி கிளே, ஸகரி டெய்லர் ஆகியோர். அமெரிக்கப் புரட்சிப் போரில் வாஷிங்டனுடன் நின்ற பிரெஞ்சுத் தளபதி லஃபாயெட், 1824 ஆகஸ்ட் முதல் 1825 செப்டம்பர் வரை அன்றிருந்த 24 மாநிலங்களிலும் விருந்தினராகச் சுற்றி வந்தார். அப்போது கையுறை, நாடா, தட்டு என எதிலெல்லாம் படம் ஏறுமோ அதிலெல்லாம் அவர் முகம் ஏறியது.

இந்த ஆர்வத்திற்குப் பின்னால் வாக்குரிமையின் விரிவு உள்ளது. சொத்துத் தகுதி பெரும்பாலான மாநிலங்களில் நீங்கி, வெள்ளை ஆண்களில் மிகப் பலர் வாக்களிக்க வந்தனர். 1828இல் 24 மாநிலங்களில் 22இல் மக்கள் வாக்கே குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களை நிர்ணயித்தது. 1828இல் ஏறத்தாழ 11.5 இலட்சமாக இருந்த மொத்த வாக்குகள் 1840இல் சுமார் 24 இலட்சமாயின. வேட்பாளரின் முகம் வீட்டுக்கு வீடு தெரிந்தாக வேண்டிய தேவை அப்போதுதான் பிறந்தது. சட்டையில் குத்தும் செல்லுலாய்டு பட்டன்கள் 1896 தேர்தலில்தான் பெருவாரியாக வந்தன; அதுவரை அந்த வேலையைத் துணி, பீங்கான், கண்ணாடி, மரம் ஆகியவை செய்தன.

1840 தேர்தலை ஏன் இவ்வளவு முக்கியமாகப் பேசுகிறார்கள்?

அமெரிக்காவில் பொருள்களின் வழியே நடந்த முதல் பெரிய தேர்தல் அதுவே என்பதால். அன்றைய இரு பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் வேட்பாளர் ஹாரிசனுக்கு வயது 67. ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் ஓய்வூதியமும் கொடுத்தால் அவர் தம் மரக்குடிலில் பேசாமல் கிடப்பார் என்று 1839 டிசம்பரில் எதிர்த்தரப்பின் பால்டிமோர் நாளிதழ் ஒன்று ஏளனம் செய்தது. விக் கட்சியினர் அந்த ஏளனத்தையே கொடியாக உயர்த்திப் பிடித்தனர். மரக்குடிலும் மதுப்பீப்பாயும் பதாகை, தட்டு, கைக்குட்டை, பொத்தான் என எல்லாவற்றிலும் ஏறின. உண்மையில் ஹாரிசன் குடிலில் பிறந்தவர் அல்லர். வர்ஜீனியாவின் பெரிய பண்ணைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். என்றாலும் 1811இல் டிப்பக்கனூ ஆற்றங்கரையில் பூர்வகுடியினரோடு நடந்த சண்டையின் தளபதி என்ற புகழும், எளிய மனிதர் என்று கட்டப்பட்ட தோற்றமும் சேர்ந்து அவரை வெற்றிபெறச் செய்தன. தேர்வாளர் வாக்குகள் அவருக்கு 234, பதவியிலிருந்த மார்ட்டின் வான் பியூரனுக்கு 60. தகுதியுள்ள வாக்காளர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் வாக்களித்தனர். 1841 மார்ச் 4இல் பதவியேற்ற ஹாரிசன் ஏப்ரல் 4இல் இறந்துபோனார்.

இத்தேர்தலில் வாக்குரிமை இல்லாத பெண்களும் பேரணிகளுக்கு வந்து கட்சிச் சார்பை வெளிப்படையாகக் காட்டினர் என்பது நம் பொருளுக்கு மிக நெருக்கமான செய்தி. வாக்குச்சாவடியில் இடமில்லாதவர்களுக்கு வீட்டின் முன்கூடம் இருந்தது. அங்கே எவர் முகம் தாங்கிய நாற்காலியில் விருந்தினர் அமர்த்தப்பட்டார் என்பது, குடும்பத்தின் அரசியலைச் சொல்லாமல் சொல்லும் செயல்.

எந்த வகை நாற்காலி படத்திற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது?

பாஸ்டன் ராக்கர் எனப்படும் ஆடும் நாற்காலியே. பெயர் பாஸ்டன் என்றாலும் நியூ இங்கிலாந்து முழுவதிலும் அதற்கு வெளியிலும் இது செய்யப்பட்டது. பின்பக்கம் மேலே சுருண்டும் முன்பக்கம் கீழே வளைந்தும் செல்லும் பைன் பலகை இருக்கை, உயர்ந்த மெல்லிய முதுகுக்கம்பிகள், அவற்றின் உச்சியில் மற்ற நாற்காலிகளில் இல்லாத அளவுக்கு அகன்ற தலைப்பட்டை ஆகியவை இதன் அமைப்பு. அந்த அகலம் ஒரு மார்பளவு உருவத்தை இடநெருக்கடி இன்றி வரையப் போதுமானது. இரு பக்கமும் கொடிகளோ நிலக்காட்சியோ வைக்கவும் இடம் மிஞ்சும்.

படத்திலிருக்கும் மனிதரை வைத்து நாற்காலியின் வயதைச் சொல்லிவிடலாமா?

இந்தப் பக்கத்தில் எதையாவது ஒன்றை மட்டும் நினைவில் வைக்க விரும்புவோர் இந்தப் பதிலை வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். முகம் தருவது முன்னெல்லை, அதாவது எந்த ஆண்டுக்கு முன் இருக்க முடியாது என்பது மட்டுமே. பின்னெல்லையை அது தருவதில்லை. ஸகரி டெய்லரின் முகம் இருந்தால், அது 1846இல் மெக்சிகோவுடன் போர் தொடங்கி அவர் புகழ்பெற்ற பிறகு வரையப்பட்டது என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். அவர் 1848இல் தேர்ந்தெடுக்கப்பட்டு 1850இல் இறந்தார். அதற்குப் பிறகு அவரை நாற்காலியில் வரையப் பெரிய ஆர்வம் இருந்திருக்காது என்பது நியாயமான ஊகம்.

வாஷிங்டன் கதை வேறு. 1799இல் இறந்த அவரை நாடு ஒருபோதும் வரைவதை நிறுத்தவில்லை. 1832இல் பிறந்த நூற்றாண்டு, 1876இல் சுதந்திர நூற்றாண்டு, 1889இல் அவர் பதவியேற்ற நூற்றாண்டு, 1932இல் இருநூறாவது பிறந்த ஆண்டு என ஒவ்வொரு விழாவிலும் அவர் முகம் புதிதாகப் பொருள்களில் ஏறியது. ஆகவே வாஷிங்டன் முகத்தைக் காட்டி 1800களின் தொடக்கம் என்று விற்பவரிடம் வேறு சான்றுகளைக் கேட்க வேண்டும்.

ஹாரிசனிடமும் ஒரு பொறி உண்டு. அவருடைய பேரன் பெஞ்சமின் ஹாரிசன் 1888இல் போட்டியிட்டபோது, பாட்டனாரின் மரக்குடிலும் டிப்பக்கனூ நினைவும் மறுபடி வெளியே எடுக்கப்பட்டன. மரக்குடில் தெரிந்த உடனே 1840 என்று எழுதிவிட்டால் ஐம்பது ஆண்டு பிசகிவிட நேரும்.

பழைய நாற்காலியில் பிற்காலத்தில் முகம் சேர்க்கப்பட்டதை எப்படிக் கண்டறிவது?

இத்துறையின் பெரிய ஆபத்து முழுப் போலி அன்று. உண்மையான பழைய நாற்காலியில் ஏற்றப்பட்ட புதிய முகம்தான். நாற்காலி எல்லாச் சோதனைகளிலும் தேறும். கோரை, கடைசல், மரம் எல்லாம் பழையவை. சாதாரணக் கறுப்பு நாற்காலிக்கும் ஹாரிசன் முகம் தீட்டிய நாற்காலிக்கும் உள்ள விலை வேறுபாடு அந்த வேலைக்குத் தூண்டுகிறது.

முதலில் தேய்மானத்தைப் பாருங்கள். பலர் தலைமுறை தலைமுறையாக அமர்ந்த நாற்காலியில் முன்குறுக்குக் கம்பியின் மேற்பக்கம் பாதம் வைத்ததால் தேய்ந்திருக்கும். தலைப்பட்டையின் பின்விளிம்பு சுவரில் உராய்ந்து மரம் வெளியே தெரியும். முன்பக்கத்தில் முதுகும் தலையும் பட்ட இடங்களில் பொன்னிறம் மங்கியிருக்கும். அந்தத் தேய்மானம் முகத்தின் குறுக்காகவும் அதே அளவில் செல்ல வேண்டும். சுற்றியுள்ள இலைக்கொடி பாதி அழிந்திருக்க, நடுவில் முகம் மட்டும் முழுமையாக நின்றால் ஐயம் கொள்ளுங்கள்.

அடுத்து வெடிப்புகள். பழைய வண்ணமும் வார்னிஷும் காலப்போக்கில் மெல்லிய வலைபோல் விரிசல் விடும். முகம் அக்காலத்ததாக இருந்தால் விரிசல் முகத்தையும் பிளந்து செல்லும். பின்னர் வரையப்பட்டதாக இருந்தால், புதிய வண்ணம் பழைய விரிசலுக்குள் இறங்கித் தேங்கியிருப்பது பூதக்கண்ணாடியில் தெரியும். நல்ல சாய்வொளியில் டார்ச் விளக்கைப் பரப்புக்கு இணையாகப் பிடித்துப் பார்த்தால், புதிய முகத்துக்கு அடியில் ஒரு பழக்கூடையின் மேடு புலப்படவும் கூடும்.

நாற்காலியின் வயதுக்குத் தனிச் சான்றுகளும் உண்டு. கூரிய நுனியுள்ள இயந்திர மரத்திருகாணிகள் 1840களின் இறுதியில்தான் பரவலாயின; அதற்கு முந்தையவற்றின் நுனி மழுங்கலானது. ஆனால் பிற்காலப் பழுதுபார்ப்பில் திருகாணி மாற்றப்பட்டிருக்கலாம் என்பதால் ஒரே ஒரு திருகாணியை வைத்து நாற்காலியைத் தள்ளிவிடவும் வேண்டாம்.

ஆய்வகச் சோதனைகள் உதவுமா?

உதவும். புற ஊதா ஒளியில் பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் பசுமை கலந்து ஒளிரும். பிற்காலத் திருத்தங்கள் பெரும்பாலும் கருந்திட்டுகளாகத் தெரியும். எக்ஸ் கதிர் ஒளிர்வுக் கருவி, வண்ணத்தைச் சுரண்டாமலேயே அதிலுள்ள தனிமங்களைக் காட்டும். முகத்தின் வெண்மையில் ஈயம் இருந்தால் அது அக்காலத்துக்குப் பொருந்தும், ஆனால் அதுவே நிரூபணம் ஆகாது. டைட்டேனியம் வெள்ளை இருந்தால், முதல் உலகப் போர்க் காலத்துக்கு முன் அந்த நிறமி சந்தையில் இல்லை என்பதால் அந்தப் பூச்சு நிச்சயம் 20ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முகம் முழுவதுமா, திருத்தம் மட்டுமா என்பதை அறியப் பல புள்ளிகளில் அளக்கச் சொல்லுங்கள்.

மங்கிப்போன முகத்தைச் சுத்தம் செய்யலாமா? புதிதாக வண்ணம் பூசலாமா?

செய்ய வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். ஸ்டென்சில் முறையில் வெண்கலப் பொடிக்குத் தனியே பசை எதுவும் கிடையாது; ஒட்டும் பதத்திலிருந்த வார்னிஷ்தான் அதைப் பிடித்து நிறுத்தியுள்ளது. அழுக்கையோ மஞ்சளித்த மேல்பூச்சையோ கரைக்கும் திரவம் அந்த வார்னிஷையும் கரைத்து, பொடியையும் பஞ்சோடு வெளியே கொண்டுவந்துவிடும். ஒரு நிமிடத்தில் தலைவரின் நெற்றி போய்விடும். அதைத் திருப்பித் தர எவராலும் முடியாது. வெண்கலப் பொடியில் செம்பு இருப்பதால் காலத்தால் கறுப்பதும் இயல்பே. அதை அழுக்கென்று எண்ணித் தேய்க்கக் கூடாது.

வீட்டில் செய்யத் தக்கது இவ்வளவுதான்: வண்ணம் செதில்செதிலாக எழும்பாத இடங்களில் மட்டும் மிருதுவான தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி, மரப் பாலிஷ், எண்ணெய் எதுவும் வேண்டாம். செதில் எழும்பியிருந்தால் தூரிகையையும் வைத்துவிட்டு, வண்ணம் பூசிய மரப்பொருள்களில் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநரை அழையுங்கள். வெயில் நேரே படும் சன்னலும் வெப்பக் காற்று வீசும் துவாரமும் ஆகாதவை. அறையின் ஈரப்பதம் ஏறத்தாழ 50 விழுக்காடு என்ற அளவில், ஆண்டு முழுதும் பெரிதாக ஏறி இறங்காமல் இருந்தால் மரமும் வண்ணமும் ஒன்றையொன்று பிரியாமல் இருக்கும்.

இதில் உட்காரலாமா?

முகம் தீட்டிய தலைப்பட்டை உள்ளதில் உட்கார வேண்டாம். ஒவ்வொரு சாய்வும் முகத்தைத் தேய்க்கிறது. நகர்த்தும்போது தலைப்பட்டையைப் பிடித்துத் தூக்காமல் இருக்கையின் சட்டத்தைப் பிடியுங்கள். பழைய வண்ணத்தில் ஈயம் இருக்க வாய்ப்பு மிகுதி. சிறு குழந்தைகள் கடிக்கவோ கீறவோ எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். உதிர்ந்த செதில்களைத் துடைப்பத்தால் பெருக்கிப் பறக்கவிடாமல் ஒற்றி எடுங்கள். இந்த ஒரு காரணத்துக்காக வண்ணத்தைச் சுரண்டி எடுத்துவிடச் சொல்லும் அறிவுரை தவறானது. சுரண்டும் தூசிதான் அதிக ஆபத்தானது. சுரண்டியபின் எஞ்சுவது சாதாரண மர நாற்காலி.

விலையை எது தீர்மானிக்கிறது?

முதல் வண்ணம் எவ்வளவு எஞ்சியுள்ளது என்பதே முதன்மை. அதற்கடுத்து முகம் யாருடையது, அடையாளம் ஐயமற்றதா, ஜோடியாகவோ தொகுதியாகவோ உள்ளதா, எந்தக் குடும்பத்திலிருந்து எப்படிக் கைமாறி வந்தது என்பவை. கோரை இருக்கை புதிதாகப் பின்னப்பட்டிருப்பது பெரிய குறையல்ல. தலைப்பட்டை மாற்றப்பட்டிருப்பது எல்லாவற்றையும் கெடுக்கும். அறைகலன் சேகரிப்போரும் தேர்தல் நினைவுப் பொருள் சேகரிப்போரும் ஆகிய இரு தரப்பும் ஒரே பொருளுக்குப் போட்டியிடுவதால், ஏலத்தில் விலை சில வேளைகளில் எதிர்பாராத உயரத்துக்குச் செல்லும்.

ஹாரிசன், ஜாக்சன் போன்றோரின் முகத்தை இன்று காட்சிக்கு வைப்பது சரியா?

கேள்வி நியாயமானது. ஜாக்சன், கிளே, டெய்லர் மூவரும் மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தவர்கள். ஜாக்சன் 1830இல் கையெழுத்திட்ட சட்டத்தின் வழியே பூர்வகுடி மக்கள் தம் நிலத்திலிருந்து மேற்கே விரட்டப்பட்டனர். டிப்பக்கனூ என்பது ஹாரிசனின் ஆதரவாளர்களுக்கு வெற்றி முழக்கம். ஷானி மக்களுக்கும் அவர்களோடு இணைந்த பிற இனத்தாருக்கும் அது எரிக்கப்பட்ட தம் ஊரின் நினைவு. நாற்காலியை மறைத்து வைப்பதால் இவற்றுள் எதுவும் மாறாது. எவர் முகம், எந்த ஆண்டு, அந்த மனிதர் என்ன செய்தார் என்பதை அருகில் ஓர் அட்டையில் முழுமையாக எழுதி வைப்பதே நேர்மை என்று கருதுகிறோம். வாஷிங்டன் முகமானாலும் அதே அட்டை தேவை.

இத்தகைய பொருள்களை எங்கே பார்க்கலாம்?

டெலவேர் மாநிலத்தின் வின்டர்தூர் அருங்காட்சியகம், நியூயார்க்கில் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அமெரிக்கப் பிரிவு, மேற்சொன்ன பால்டிமோர் கலை அருங்காட்சியகம் ஆகியவற்றில் அக்கால வண்ண அறைகலன்களைக் காணலாம். தேர்தல் நினைவுப் பொருள்களுக்கு வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்சோனியனின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகமும், கார்னெல் பல்கலைக்கழகத்தின் அரசியல் பொருள்கள் தொகுப்பும் சிறந்தவை. பல தொகுப்புகளை இணையத்தில் படமாகவே பார்க்க முடியும் என்பதால், உங்களிடமுள்ள முகத்தை அருகருகே வைத்து ஒப்பிடலாம்.

என் வீட்டிலோ பழைய பொருள் கடையிலோ ஒன்று கிடைத்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

எதையும் துடைப்பதற்கு முன் பகல் வெளிச்சத்தில் படம் எடுங்கள்: முழு நாற்காலி, தலைப்பட்டையின் முன்னும் பின்னும், முகம் மிக அருகில், இருக்கையின் அடிப்புறம், பின்விளிம்பில் பெயர்முத்திரை இருக்கக்கூடிய இடம், ஒவ்வொரு திருகாணித் தலையும். யாரிடமிருந்து எப்போது வந்தது என்பதைத் தெரிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீது இருந்தால் அதையும் சேர்த்து வையுங்கள். அடிப்புறத்தில் ஒட்டிய கிழிந்த தாள், சுண்ணக்கட்டி எண், பென்சில் குறிப்பு எதையும் அகற்றாதீர்கள். மதிப்பீட்டாளரிடம் காட்டும்போது, வாங்க விரும்புகிறவரே மதிப்பும் சொல்லும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாற்காலி, முதல் வண்ணம், முகம் ஆகிய மூன்றின் காலத்தையும் அவர் தனித்தனியே எழுதித் தர வேண்டும் என்று கேளுங்கள்.